தேயிலை மரம்

தேயிலை இயல்பில் மரம் என்றால் என் மாணவர் நகைக்கின்றனர். கவாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்திய செடியையே அவர்கள் அறிவர்.

சீனத்து யுன்னான் மாகாணத்தின் ஜிங்மாய் மலையில் பிளாங், டாய் இனத்தவர் காட்டை முற்றாக அழிக்காமல், பெருமரங்களின் நிழலிலேயே தேயிலை மரங்களைப் பல நூற்றாண்டுகளாகப் பேணி வருகின்றனர். சருகே எரு, பறவையும் சிலந்தியுமே பூச்சிக்குக் காவல். 2023-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அத்தேநீர் ஆசிரியன் வருவாய்க்கு எட்டாக் கனி என்பது வேறு கதை!

நம் மலைநாட்டிலோ காடு முதலிற் கோப்பிக்காக வீழ்ந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபின் மேலும் வீழ்ந்தது. நிழலிழந்த சரிவுகளின் மண் மழையோடு இறங்குகிறது. அம்மலைகளிற் பிறக்கும் மகாவலி எங்கள் கொட்டியாரக் குடாவிலன்றோ கடலை அடைகிறது! மாரியிற் கலங்கிச் சிவந்து வரும் அந்நீரை மூதூர்க் கரையில் நின்று பார்க்கையில், தேநீரின் நிறமே நினைவுக்கு வருகிறது.