மெலிந்த உடலும் மறைந்த கொழுப்பும்

உடற்கொழுப்பு என்றதும் நெற்குதிர்தான் நம் நினைவுக்கு வருகிறது. விளைந்த காலத்தில் நிரப்பி, வறண்ட காலத்தில் எடுத்துக் கொள்வது! ஆனால் அது குதிர் மட்டுமன்று, ஒரு சுரப்பியுமாகும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது.

கடையநல்லூரில் நம் வீட்டார் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் நம் மைத்துனர். குச்சி போன்ற கைகால்கள். எடை 62 கிலோ. சட்டைக்குள்ளே மட்டும் சிறு தொப்பை. மாரடைப்பு பருத்தவர்களுக்கே வருவது என்று நம்பியிருந்த அவருக்கு 48ஆம் வயதில் மாரடைப்பு வந்தது. "எனக்கா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

1994இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனின் மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்பணுக்கள் சுரக்கும் இந்த ஹார்மோன், "சேமிப்பு போதும், உண்டது போதும்" என்று மூளைக்குச் சொல்லும் தூதன். கொழுப்பு பெருகினால் தூதும் பெருகுகிறது, மூளையோ செவிசாய்ப்பதில்லை. ஓயாமல் கூவினால் யார்தாம் கேட்பார்? மிகுந்த லெப்டின் இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் கூடும்.

அடிப்போனெக்டின் என்னும் மற்றொன்றின் இயல்பு வியப்புக்குரியது. அதைச் சுரப்பதும் கொழுப்பணுக்களே. ஆயினும் வயிற்றினுள் குடலைச் சூழ்ந்து கொழுப்பு சேரச் சேர, அது குறைகிறது. இன்சுலின் செவ்வனே பணிபுரியவும், இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடாதிருக்கவும் துணைநிற்பது அதுதான். காவலாள் விலகிய வேளையில், அழற்சியூட்டும் பொருள்களையும் அதே கொழுப்பு இரத்தத்தில் கலக்கிறது. தோலுக்கடியில் தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பு இத்தனை தீங்கு செய்வதில்லை.

நம் மைத்துனரின் கேள்விக்கு விடை பூனாவிலிருந்து கிடைத்தது. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பூனா மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளியாயிற்று. உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, நம் நாட்டவருக்கு 21.2! பூனாவில் பிறக்கும் குழந்தைகள் எடையில் சிறியவையாயினும் கொழுப்பில் அவ்வளவு குறைந்தவையல்ல என்றும் யாக்னிக் குழுவினர் கண்டனர். தறிக்குழியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிபலகை மிதித்த நம் பாட்டனார்களுக்கு இந்த உடல்வாகு சுமையாக இருந்திராது. நாற்காலியிலும் மோட்டார் சைக்கிளிலும் கழியும் வாழ்வுக்கும், இரவில் பிரானூர் வரை போய் உண்ணும் பரோட்டாவுக்கும் அது ஈடுகொடுக்குமா?

லெப்டினை ஊசியாகச் செலுத்திப் பார்த்தும் சாதாரண உடற்பருமன் பெரிதாகக் குறையவில்லை. நடையாலும் உணவுக் குறைப்பாலும் எடை நன்கு இறங்கும்போது அடிப்போனெக்டின் தானே உயருகிறது. அதுவரை எடைபார்க்கும் எந்திரத்தை நம்புவதைவிடத் தையல் நாடாவை நம்பலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்டபின் அளக்க வேண்டும். இந்தியருக்கு வகுத்த எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

சென்ற மாதம் வீட்டில் அனைவரும் அளந்து பார்த்தோம். "சோறு போட்டும் தேறவில்லையே" என்று எல்லோரும் இரங்கும் மூத்த மகனுக்கு 93 செ.மீ. அவனுக்கு வயது 27.