வாப்பாவோடு பாவாத மலைக்கு

லீவுக்கு எங்க ஸேர் போனீங்க என்று பிள்ளைகள் கேட்டார்கள். பாவாத மலைக்கு என்றேன். "ஆகஸ்ட்லயா ஸேர்?" என்று ஒருத்தன் சிரித்தான். அவன் கேட்டது சரிதான். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும்தான் அங்கே சீசன்.

வாப்பா இளந்தாரிக் காலத்தில் அரிசி லொறியில் கிளீனராகப் போனவர். மஸ்கெலியாவில் மூட்டை இறக்கும்போது தூரத்தில் அந்த மலையைக் கண்டிருக்கிறார். ஏறிப் பார்த்துட்டு வாறன் என்று கேட்டதற்கு முதலாளி விடவில்லை. இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை எங்கள் குடும்பத்தில் இல்லை. "மனே, ஒருக்காக் கூட்டிட்டுப் போ" என்று என்னிடமும் பத்து வருசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு லீவிலும் எனக்கொரு காரணம் இருந்தது. பேப்பர் திருத்தல், வீட்டு வேலை, பிறகு கொரோனா.

இந்தமுறை சிறுபோக வெட்டு முடிந்த கையோடு வெளிக்கிட்டோம். ஆதம் நபி இறங்கிய இடத்தின் பெயர் குர்ஆனில் இல்லை என்பது எனக்கும் தெரியும், வாப்பாவுக்கும் தெரியும். இபாதத் என்று நினைத்துப் போகவில்லை. கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1344 இல் இந்த மலையில் ஏறிய இப்னு பதூதா இரண்டு பாதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. ஆதமும் ஹவ்வாவும்தான். மாமா பாதை லேசானது, ஆனால் அதால் போனவரைப் போனவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். அட்டை கடித்தால் பிழிந்துவிட ஆட்கள் தேசிக்காய் வைத்திருப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இதை வீட்டில் வாசித்துக் காட்டியதன் பலன், உம்மா ஆறு தேசிக்காயைக் கட்டித் தந்துவிட்டா.

நம்ம ஊரில் கச்சான் காற்று முகத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. நல்லதண்ணியில் இறங்கினால் குளிரும் தூறலும். இரண்டும் ஒரே காற்றுத்தான். தென்மேல் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம்ம பக்கம் இறங்குகிறது. எத்தனை வருசமாக வகுப்பில் படிப்பிக்கிறேன்! அன்றுதான் உடம்பில் பட்டது.

சுபஹ் தொழுதுவிட்டு நடந்தோம். கடைகள் எல்லாம் பூட்டு, பாதையில் ஆள் இல்லை. மகர தோரணம் வரைக்கும் வாப்பா வந்தார். அங்கே ஒரு கல்லில் குந்திக்கொண்டு முழங்காலைப் பிடித்தார். ஐயாயிரத்துக்கு மேலே படி இருக்கிறது. இனி ஏலாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து வருசத்துக்கு முன்னே வந்திருந்தால் ஏறியிருப்பார். அது எனக்கு நல்லாத் தெரியும்.

"நீ போய்ட்டு வா மனே. நான் ரூமுக்குக் கிறுகிப் போறன்."

நான்கு மணித்தியாலம் ஏறினேன். சீத கங்குலைக்குப் பிறகு என் மூச்சும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும்தான். கடைசிப் படிகளில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் போனேன். உச்சியில் பாதம் இருக்கும் இடம் பூட்டியிருந்தது. நாலு பக்கமும் புகார். எட்டு அடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அங்கே நின்ற ஒரு காவலாளி எங்கிருந்து வாறீங்க என்று சிங்களத்தில் கேட்டார். அம்பாறை என்றதும் தன் போத்தலிலிருந்து சுடுதேத்தண்ணி ஊற்றித் தந்தார். நின்ற இடத்திலேயே வாப்பாவுக்காகத் துஆக் கேட்டேன். போனில் ஒரு படம் எடுத்தேன். அரை மணித்தியாலம் பார்த்தும் புகார் கலையவில்லை.

இறங்கி வரும்போது, நல்லாத் தெரிந்தது, கடல் வரைக்கும் கண்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அறை வாசலில் வாப்பா கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தக் கண்டாய்?"

"ஒண்டும் தெரியல்ல வாப்பா. ஒரே புகார்."

படத்தைக் காட்டினேன். முழு வெள்ளை, கீழ் மூலையில் கொஞ்சம் கம்பி. கண்ணாடியைப் போட்டு, விரலால் பெரிசாக்கி, நெடுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

"உம்மாட போனுக்கு அனுப்பு."

அதற்குப் பிறகுதான் குனிந்து என் காலைப் பார்த்தார். மூன்று அட்டை. தேசிக்காயை வெட்டச் சொன்னார்.