எது முதலில் தீரும்?

காலை ஏழரை மணி. சிங்கப்பூர், தியோங் பாரு சந்தை. கீழ்த்தளத்தில் மீனும் கீரையும் விற்கும் ஈரச்சந்தை. மாடி முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். உணவங்காடி நிலையம் என்பது இங்குள்ள தமிழர் இதற்கு வைத்திருக்கும் பெயர். மீன் பையைக் காலடியில் வைத்துவிட்டுப் பசியாறும் அம்மாக்கள், கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டுக் கோப்பி குடிக்கும் பெரியவர்கள். இவர்களைப் பார்த்ததுமே சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

முந்தைய இரவு ஆற்றங்கரையில், வாசலில் நின்று அழைத்த ஓர் உணவகத்துக்குள் போனேன். இந்திய, சீன, இத்தாலிய உணவெல்லாம் ஒரே அட்டையில் இருந்தன. எதிலும் ருசியில்லை, பணம்தான் நிறையப் போனது. மறுநாள் முழுக்க இந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் சாப்பிடும் இடங்களுக்கே போவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மாடியில் ஒரு கடையில் சின்னஞ்சிறு கிண்ணங்கள் ஆவியில் வெந்துகொண்டிருந்தன. சுவீ குவே. சுவீ என்றால் நீர், குவே என்றால் பணியாரம். அரிசி மாவும் தண்ணீரும் கலந்து அவித்த வெண்பணியாரம். மேலே உப்பிலிட்ட முள்ளங்கியைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கிப் போடுகிறார்கள். மாவைப் புளிக்க வைப்பதில்லை என்பதால் இட்லியின் புளிப்பு இல்லை. வாயில் வழுக்கிக் கரைகிறது. முள்ளங்கியின் உப்பும் மிளகாய் விழுதின் காரமும் பிறகு வருகின்றன. சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது; முள்ளங்கியைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு.

அந்தக் கடையில் விற்பது பெரும்பாலும் அந்த ஒரு பண்டம்தான். சுற்றிப் பார்த்தால் பல கடைகள் அப்படித்தான். அதற்கு ஒரு வரலாறு உண்டு. தெருவோரம் தள்ளுவண்டியிலும் காவடியிலும் விற்றவர்களை அரசாங்கம் 1971 முதல் 1986 வரை படிப்படியாகத் தண்ணீர்க் குழாயும் சாக்கடை வசதியும் உள்ள இத்தகைய நிலையங்களுக்குள் கொண்டுவந்தது. ஆளுக்கு ஒரு சின்னக் கடை. இரண்டு பேர் நின்றால் இடம் முடிந்துவிடும். வண்டியில் எதை விற்றார்களோ அதையே இங்கும் சமைத்தார்கள். ஒரே பண்டத்தை ஆயுள் முழுக்கச் செய்த கைக்கு வரும் பக்குவம் நீண்ட பட்டியல் வைத்திருக்கும் உணவகத்துக்கு வராது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பதினொன்றேகாலுக்கு சைனாடவுன் அருகே மேக்ஸ்வெல் நிலையம். பன்னிரண்டானால் அலுவலகக் கூட்டம் வந்துவிடும். மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்திருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டது என்று பொருள். இரண்டு கோழிச்சோற்றுக் கடைகளில் வரிசை நின்றது. ஒன்றில் என்னைப் போல் வெளியூர்க்காரர்கள், கையில் கேமரா. மற்றதில் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க நிற்பவர்கள். நான் இரண்டாவதில் நின்றேன். குறுகிய உணவு இடைவேளையில் பத்து நிமிடத்தை ஒருவர் வரிசைக்குக் கொடுக்கிறார் என்றால் அந்தக் கடையை நம்பலாம்.

பார்க்க எளிய தட்டு. கோழியைக் கொதிக்கவிடாமல் வேகவைத்து உடனே பனிநீரில் அமிழ்த்துவதால் தோல் வழவழவென்று இறுகியிருக்கிறது. ருசியெல்லாம் சோற்றில். கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டு வதக்கி, கோழி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைக்கிறார்கள். முதலில் சோற்றை மட்டும் ஒரு வாய் தின்று பாருங்கள். கடையின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

மாலை ஐந்து மணிக்குத் தேக்கா உணவங்காடி நிலையம். தோசைக்கல்லின் ஓசையும் பிரியாணி வாசமும் நுழையும்போதே வந்தன. மேசையில் எதிரே தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர், “எங்கேருந்து வர்றீங்க தம்பி? பசியாறியாச்சா?” என்றார். இங்கே எது நன்றாக இருக்கும் என்று கேட்டேன்.

“அப்படிக் கேட்டா எல்லாமே நல்லா இருக்கும்னுதான் சொல்லுவாங்க. உங்க கடையில எது முதல்ல தீரும்னு கேளுங்க.”

ரோஜாக் என்ற பண்டம் விற்கும் கடைக்குப் போய் அப்படியே கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மாவு வடை, உருளைக்கிழங்கு, முட்டை, தெம்பே என்ற சோயாக் கட்டி எல்லாம் அடுக்கியிருந்தன. கடைக்காரர் பதில் சொல்லாமல் ஒரு மூலையைக் காட்டினார். மூன்றே மூன்று இறால் வடை. இரண்டை எடுத்துச் சூடாக்கி, நறுக்கி, இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்போடு தந்தார். மொறுமொறுப்பு உடையும் இடத்தில் இறாலின் இனிப்பு. அன்று முழுக்கச் சாப்பிட்டதில் மனம் நின்றது அங்கேதான்.

எந்தப் பெருநகரத்துக்குப் போனாலும் இனி எனக்கு இந்த ஒரு கேள்வி போதும். ஊர்க்காரர்கள் தினமும் எதைத் தேடி வருகிறார்கள் என்பதற்கு, தீர்ந்துபோன தட்டைவிட நல்ல சாட்சி இல்லை.

தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வடையும் போயிருந்தது. கடைக்காரர் அந்த மூலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.