வஸ்வாஸ்: பேணுதலா, நோயா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

தூய்மையின் சிறப்பைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கிறோம். ஆனால் அத்தூய்மையே ஒரு பிள்ளைக்குத் தாங்க முடியாத சுமையாகும்போது, பெற்றோர் பலர் அதை அடையாளம் காண்பதில்லை. "எங்கள் மகன் பேணுதல் மிக்கவன்" என்று மகிழ்கின்றனர். பேணுதல் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்பதைக் குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நம்மிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவருக்கு இப்போது வயது 21. அவருடைய அனுமதியோடு, அடையாளங்களைத் தவிர்த்துவிட்டுச் சொல்கிறோம். ஃபஜ்ர் தொழுகைக்கு உளூச் செய்ய அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முழங்கை நனைந்ததா, காற்றுப் பிரிந்ததா, ஆடையில் நஜீஸ் தெறித்ததா என்று சந்தேகம் மேல் சந்தேகம். கைகளின் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. தக்பீர் கட்டுவார்; நிய்யத் சரியில்லை என்று அவிழ்ப்பார்; மீண்டும் கட்டுவதற்குள் இமாம் ருகூவுக்குச் சென்றிருப்பார். பிறர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தால் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்தினார். கல்லூரித் தேர்வுகளையும் தவறவிட்டார். ஒருநாள் நம்மிடம், "ஹஜ்ரத், தொழுகையையே விட்டுவிட்டால் இந்த வேதனை நிற்குமா?" என்று கேட்டார்.

வீட்டிலோ ஆளுக்கொரு யோசனை. ஜின்னின் தொல்லை என்றார் ஒருவர். நிக்காஹ் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்றார் மற்றொருவர். மனநல மருத்துவரிடம் சென்றது வெளியே தெரிந்தால் மகளுக்கு வரும் சம்பந்தம் தட்டிப்போகுமே என்று தாய் அஞ்சினார். இப்படியே பல மாதங்கள் கழிந்தன.

நம் முன்னோர் அறிந்த நோய்

இதை மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. என்கின்றனர். பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். எல்லாச் சமயத்தாரிடமும், சமயமற்றோரிடமும் உண்டு. எவர் எதை மிக உயர்வாக மதிக்கிறாரோ அதையே அது பற்றிக்கொள்ளும். ஆகவே தொழுகையை நேசிக்கும் பிள்ளைக்குத் தொழுகையில் வருகிறது. இது ஈமானின் குறைவன்று.

நம் முன்னோருக்கும் இது புதிதன்று. கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல், உள்ளம் இரண்டின் நலன் பற்றியும் எழுதிய நூலில், வஸ்வாஸுக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். ஹிஜ்ரி 620 இல் மறைந்த இமாம் இப்னு குதாமா (ரஹ்), உளூவிலும் நிய்யத்திலும் வஸ்வாஸுக்கு இடம் கொடுப்போரைக் கண்டித்துத் தனி நூல் எழுதினார்கள்.

சிகிச்சை எவ்வாறு நடக்கிறது?

அம்மாணவரை ஒருவழியாக மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மாத்திரையோடு உளவியல் சிகிச்சையும் தொடங்கியது. அச்சத்தைத் தரும் நிலையைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வேண்டும். ஆனால் அச்சத்தைத் தணிப்பதற்காகச் செய்யும் கழுவுதலையோ சரிபார்த்தலையோ செய்யக் கூடாது. இதுவே அதன் சாரம். 1966 இல் இங்கிலாந்தின் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்ட சிகிச்சை அனுபவத்திலிருந்து வளர்ந்த முறை இது. கழுவாமல் பொறுத்திருந்தால் பதற்றம் முதலில் ஏறும்; பிறகு தானாகவே இறங்கும். அதைப் பலமுறை அனுபவித்து உணரும்போது மனம் பழகிக்கொள்கிறது.

அவருக்குத் தரப்பட்ட பயிற்சி: ஒரு குவளைத் தண்ணீரில், ஒவ்வோர் உறுப்பையும் மும்முறைக்கு மேல் கழுவாமல், உளூவை முடிக்க வேண்டும். சந்தேகம் எஞ்சியிருந்தாலும் தொழுகைக்குச் செல்ல வேண்டும். அவர் நடுங்கிவிட்டார். "இது பாவமாகாதா?" என்று நம்மிடம் ஓடிவந்தார்.

நாம் ஹதீஸ்களை நினைவூட்டினோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள். அது ஒரு லிட்டரைத் தாண்டாது. மும்முறைக்கு மேல் கூட்டுவது வரம்பு மீறல் என்று எச்சரித்தார்கள். காற்றுப் பிரிந்ததோ என்று ஐயுறுபவர், சப்தத்தைக் கேட்கும் வரை அல்லது வாடையை உணரும் வரை தொழுகையை விட வேண்டாம் என்றார்கள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஆகவே மருத்துவர் சொன்னது மார்க்கத்துக்கு முரணன்று. அவர் இட்ட வரம்பு மார்க்கம் முன்பே இட்ட வரம்பு.

மறுநாள் அதே கேள்வியோடு மீண்டும் வந்தார். "பதில் முன்பே சொல்லப்பட்டுவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். மருத்துவரின் வேண்டுகோளும் அதுவே. மார்க்கம் அறியாதவருக்குப் பதில் விளக்கமாகும். இந்நோயாளிக்கோ இரண்டாம் முறை தரும் பதில், மீண்டும் ஒருமுறை கை கழுவுவதைப் போன்றதே. அரை மணி நேரம் நிம்மதி தரும். பிறகு சந்தேகம் முன்னிலும் வலுவாகத் திரும்பும். குளியலறை வாசலில் நின்று "எல்லாம் நனைஞ்சிடுச்சு வாப்பா" என்று தினமும் சொல்லிவந்த தாய்க்கு, வாய்மூடி இருப்பதே மிகக் கடினமான பாடமாக இருந்தது. அன்பால் செய்ததை அன்பாலேயே நிறுத்தினார்.

குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். "சந்தேகப்படாதே" என்று அதட்டாதீர்கள். அல்லாஹ்வைப் பற்றித் தகாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னால் அதிராதீர்கள். சொல்லவே நா கூசும் எண்ணங்கள் வருவதாக ஸஹாபாக்கள் முறையிட்டபோது, அந்தக் கூச்சத்தையே நபி (ஸல்) அவர்கள் தெளிவான ஈமான் என்றார்கள். துஆச் செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்திருக்கிறான். மாத்திரை வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அம்மாணவர் முழுமையாக மீண்டுவிட்டார் என்று சொல்ல மாட்டோம். ரமளானில் உமிழ்நீரை விழுங்கியதால் நோன்பு முறிந்ததோ என்ற ஐயம் வந்து அலைக்கழித்தது. மாத்திரை தொடர்கிறது. ஆயினும் உளூ இப்போது ஐந்து நிமிடங்களில் முடிகிறது. மஃரிபுக்கு ஸஃப்பில் நிற்கிறார். ஒரே தக்பீரில் கட்டுகிறார்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியையும், அவர்களைச் சுமக்கும் பெற்றோருக்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.