பொட்டலத்துக்குள் ஊர்கள்

அமாவாசை. திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருகிற கூட்டம். நாட்டுமருந்துக் கடையில் நிற்க இடமில்லை.

"தம்பி, சீனாக்காரம் இருக்கா?" பாட்டிக்கு எண்பது இருக்கும்.

கடைப்பையன் விழிக்கிறான். கல்லாவில் இருப்பவர் தலை நிமிராமலே, "படிகாரம்டா" என்கிறார். பையன் டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தராசில் வைக்கிறான். கூடுதல். சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டு. தெறித்த சில்லுகளையும் விடாமல் கூட்டி அள்ளுகிறான். பாட்டி அதில் ஒன்றை நாக்கில் வைத்து முகம் சுளிக்கிறாள். "அதேதான்" என்று முந்தானையில் முடிகிறாள். எந்தக் காலத்திலோ சீனத்துச் சரக்காக அறியப்பட்ட காரம், அவளோடு கடைவீதியில் நடந்து போகிறது.

நகைப்பட்டறைப் பையனுக்கு வெங்காரம். பொன்னைப் பற்றவைக்க வேண்டும். கேள்வியில்லை, பதிலில்லை, பொட்டலம் கைமாறுகிறது.

"பிங்க் சால்ட் இருக்கா?" என்கிறாள் கல்லூரிப் பெண்.

"இந்துப்புதாம்மா அது." சிந்துவின் உப்பு இந்துப்பு. பேர்பெற்ற கேவ்ரா சுரங்கம் இன்று பாகிஸ்தானில். 2025 மே மாதம் அந்த நாட்டுச் சரக்குக்கு முழுத் தடை வந்தது. விலை கேட்டு அவள் புருவம் ஏறுகிறது. கூடவே முல்தானி மிட்டி ஒரு பாக்கெட். முல்தானும் எல்லைக்கு அப்பால்தான். ராஜஸ்தானின் பார்மர், பிகானேர் பக்கம் வெட்டுகிற மண்ணும் அதே பெயரில்தான் விற்கிறது. மண் மாறினாலும் பெயர் மாறுவதாக இல்லை. நம் மீஞ்சூர், அத்திப்பட்டு உப்பளத்தில் விளைந்ததோ வெறும் கல்லுப்பு, ஊர்ப்பெயர் ஒட்டவேயில்லை.

நீலச் சட்டைக்காரர் ஒருவர் நெருக்கித் தள்ளி முன்னால் வருகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர். முழங்கை வரை சாம்பல்நிற மாவு.

"என்னப்பா இது, மேலெல்லாம்?"

"பென்டோனைட்ணா. வார்ப்பு மணல்ல கலக்கறது."

ஈரமணலோடு இந்தக் களிமண் சேர்ந்தால்தான் அச்சு உதிராமல் நிற்கும். மண் பெரும்பாலும் கட்ச் பக்கத்திலிருந்து வரும். பெயர் மட்டும் அமெரிக்காவின் ஃபோர்ட் பென்டன் ஊரையொட்டிப் பெயர்பெற்ற பாறையடுக்கிலிருந்து, 1898இல் வைத்தது. நாள் முழுக்க அதைக் கொட்டிக் கலக்குகிறவருக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருந்தால் என்ன?

அவர் வாங்க வந்தது நாமக்கட்டி. பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கியாம், கன்னத்தில் குழைத்துப் போட. வெள்ளைக் கட்டி இரண்டை எண்ணிக் கொடுக்கிறான் பையன். விரல்நுனி வெளுக்கிறது.

செய்யாறு பக்கம் ஜடேரி கிராமத்தில், வெள்ளை மண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து, அடியில் படிந்ததைக் கையால் உருட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். 2023இல் 'ஜடேரி நாமக்கட்டி' என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. முல்தானையும் சிந்துவையும் மறக்காத நாக்கு நம்முடையது; அடுத்தமுறை நீங்கள் ஜடேரி என்றே கேட்டு வாங்குங்கள்.