புறணி பேசுற வாய்

'பொம்பளைங்க கூடினா புறணிதான்' என்று சொல்லாத சாதியும் இல்லை, நாடும் இல்லை போலிருக்கிறது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் எழுதியவற்றைச் சில வருஷமாகப் படித்து வருகிறேன் (எம்.ஏ. தமிழ் படித்தவளின் இங்கிலீஷ்; அகராதியோடு மல்லுக்கட்டித்தான்). புறணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சிஸ்மே. பேசுகிறவள் சிஸ்மோசா. எதிர்த்துப் பேசினால் ஓசிகோனா. மிருகத்தின் மூஞ்சியைக் குறிக்கிற சொல்லில் இருந்து வந்த வசவு. இதையெல்லாம் ஆம்பளையைப் பார்த்து யாரும் சொல்லித் தான் கேட்டதில்லை என்கிறார் குளோரியா அன்சால்துவா, 1987இல் வந்த 'பார்டர்லேண்ட்ஸ்' நூலில். டெக்சாஸ் எல்லைப்புறத்துக்காரர். பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக ஸ்கேலால் முட்டியில் அடி வாங்கியவர். பள்ளிக்கூடம் நாக்கை மாத்து என்கிறது, வீடு வாயை மூடு என்கிறது.

அதுக்காகப் புறணியைத் தலையில் தூக்கிவச்சு ஆட நான் தயாரில்லை. இங்கிலீஷ் பேசி வெள்ளையர் பக்கம் பழகுகிற மகளை 'வெந்திதா', விலைபோனவள், என்று ஏசுவதும் அதே வாய்தான். இந்த வசவுக்குப் பின்னால் நிற்கிறவள் மலின்ட்சின். 1519இல் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேசுக்குக் கொடுக்கப்பட்ட இருபது அடிமைப் பெண்களில் ஒருத்தி. அவனுக்கு மொழிபெயர்த்தாள். அவள் பெயரிலிருந்துதான் இன்றும் துரோகிக்குச் சொல் எடுக்கிறார்கள். கொடுத்தவனை விட்டுவிட்டு, கொடுக்கப்பட்டவள் துரோகியாம்! செர்ரி மொராகா போன்றவர்கள் 1980களில் இதைத்தான் கேள்வி கேட்டார்கள். எங்க சேரியிலும் படிச்சிட்டு வந்த பிள்ளையை 'அவ மாறிட்டா' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

என் மனசில் தைத்த சொல் வேறு. கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி வயலுக்கு, கூலிக்குப் போன பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் 'ஃபில் தே கல்சோன்'. ஃபில் என்பது இங்கிலீஷ் ஃபீல்டு. கல்சோன் என்பது ஸ்பானிஷில் உள்ளாடை. அத்தனை பெண்களைக் கங்காணிகள் அங்கே பலாத்காரம் செய்திருக்கிறார்கள். பலரிடம் குடியேற்றக் காகிதம் கிடையாது; போலீசுக்குப் போனால் நாடு கடத்துவான் என்ற பயம். அதனால் காதோடு காதாக ஒரு பெயர். இரண்டு மொழியிலும் பாதிப்பாதி எடுத்துச் செய்த அந்தச் சொல்தான் அவர்கள் எழுதிக்கொண்ட எஃப்.ஐ.ஆர். 1990களில் அது அரசு ஆணைய வக்கீல்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. 2017 நவம்பரில் விவசாயக் கூலிப் பெண்களின் கூட்டமைப்பு ஒன்று, 7 லட்சம் பெண்கள் பேரால் ஹாலிவுட் நடிகைகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. எங்களுக்கும் இதுதான் நடக்கிறது, உங்கள் பக்கம் நிற்கிறோம் என்று.

இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகம் மொழி என்று சேர்த்துக்கொள்ளும்?

நடவுக்குப் புதுசாக வருகிற பிள்ளைகளிடம் எங்க சின்னம்மா குனிந்தபடியே சொல்லும்: "ஏ புள்ள, பம்புசெட்டுப் பக்கம் தனியா தண்ணி குடிக்கப் போயிராத." ஏன் என்று சொல்லாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். வரப்பில் குடையோடு நிற்கிற நிலக்காரன் மகன் அங்கிருந்தே கத்துவான்: "அங்க என்னடி ஊர்வம்பு?"