பாட்டியின் ஒற்றைச் சொல்

பாட்டிக்குப் பக்கவாதம் வந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவன். சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டில் அவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய வலக்கை தொங்கிப்போனது. பேச்சும் போனது. எஞ்சியது ஒரே சொல்: "வேணாம்."

கஞ்சி கொண்டுபோனால் "வேணாம்". மாத்திரை கொடுத்தால் "வேணாம்". விடுமுறையில் போய்க் கட்டிலருகே உட்கார்ந்த என்னைப் பார்த்தும் "வேணாம், வேணாம்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன காலத்தில், தோட்டத்து லயத்து வீட்டில் என்னை வளர்த்தவர் அவர். அந்த நிலையில் நான் அவரைப் பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த இரண்டு விடுமுறைகளிலும் போகவில்லை. காரணம் சொல்ல எனக்கா பஞ்சம்? தேர்வு, இடுபணி, நம் கழகத்தின் பேச்சுப் போட்டி! மேடையில் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் மொழியியல் வகுப்பொன்றில் லெபோர்ன் என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பாரிசுக்கு அருகில் பிசெத்ர் மருத்துவமனையில் இருபத்தோர் ஆண்டுகள் வாழ்ந்தவர். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். மருத்துவமனையில் அதுவே அவர் பெயராகிவிட்டது. பிறர் பேசுவதை அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டார். குரலை ஏற்றியும் இறக்கியும், கையை ஆட்டியும் பதில் சொன்னார். கோபம் மிஞ்சினால் மட்டும் ஒரு வசைச்சொல் முழுதாக வெளிவருமாம். 1861இல் அவர் இறந்ததும் பால் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடம் இன்றும் புரோக்கா பகுதி என்றே அழைக்கப்படுகிறது.

வலக்கையை இயக்குவதும் இடப்பக்க மூளைதான். பெரும்பாலானோருக்குப் பேச்சின் வேரும் அதே பக்கத்தில் இருப்பதால்தான் பாட்டிக்குக் கையும் சொல்லும் சேர்ந்தே போயின. 1874இல் வெர்னிக்கே என்பவர் இதற்கு மாறான நிலையைக் காட்டினார். இடக்காதுக்கு மேலே சற்றுப் பின்னால் அடிபட்டால் பேச்சு சரளமாக வரும். ஆனால் பொருள் இராது, பிறர் சொல்வதும் புரியாது. (நம் மேடைகளில் சிலரை நினைத்துச் சிரித்தோம்.) மொழி இந்த இரண்டு இடங்களில் மட்டும் அடங்கிவிடவில்லை. பாதுகாத்து வைத்திருந்த லெபோர்னின் மூளையைப் படமெடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், புரோக்கா கண்டதைவிட ஆழத்திலும் சிதைவு இருந்தது தெரியவந்தது. பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளும் அறுந்திருந்தன.

எனக்கு உறைத்தது வேறொன்று. இப்படிப்பட்டவர்களுக்கு எஞ்சி நிற்கும் சொல் அவர்கள் தேர்ந்தெடுத்தது அன்று. வாய்க்குத் தானாக வருவது. பொருள் சொல்லில் இல்லை, குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் வலப்பக்க மூளைக்குப் பெரும்பங்கு உண்டு. பாட்டிக்கு அந்தப் பக்கம் நன்றாகவே இருந்தது. வேண்டாம் என்று அவர் எத்தனை முறை சொன்னார், வா என்று எத்தனை முறை சொன்னார்? நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

அந்த வார இறுதியிலேயே பேருந்து ஏறினேன். மூன்றாம் நாள் திரும்பப் பயணச்சீட்டும் எடுத்திருந்தேன். வாசலில் என்னைக் கண்டதும் "வேணாம்" என்றார். இம்முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சின்ன வயதில் பள்ளிவிட்டு வரும்போது "வந்துட்டியாடா" என்பாரே, அதே இழுவை.

மாமாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு மைலோவையும் வெந்நீரையும் பாட்டியின் முன் வைத்தோம். வெந்நீருக்கு ஒரு "வேணாம்", வெட்டினாற்போல. மைலோவுக்கு இன்னொன்று, குழைந்து. மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ஓராண்டாக அவருக்கு மைலோ கொடுக்கவில்லையாம்.

மனப்பாடமான தொடர்கள் பலருக்குத் தங்கிவிடும் என்றும் படித்திருந்தேன். எத்தனை இட்லி என்று கேட்டால் பாட்டியால் "மூணு" என்று சொல்ல முடியவில்லை. நான் "ஒண்ணு" என்று எடுத்துக்கொடுத்ததும் "ரெண்டு, மூணு" என்று தானே எண்ணி நிறுத்தினார். நிறுத்தும் இடம்தான் பதில். அன்று மாலை பூனை மீனைக் கவ்வியபோது, எண்ணாமலே ஒரு வசவு முழுசாக வந்தது. அதை இங்கே அச்சிட முடியாது. லெபோர்னை நினைத்துக்கொண்டேன்.

இரவில் கால் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"எத்தனை நாளு இருக்கட்டும் பாட்டி? ஒண்ணு..."

"ரெண்டு, மூணு," என்றார். நான் சட்டைப் பையிலிருந்த பயணச்சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். "நாலு, அஞ்சு, ஆறு..."

ஒன்பதில்தான் நிறுத்தினார்.